மைக் முன்னால் ஒரு மரியாதை

லமார் பிகெட் அந்தப் பந்துக்குக் குரல் கொடுத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவன் குரல் கொடுக்கவில்லை என்றுதான் அந்தக் கோடை முழுக்க லூயிவில் நகரமே பேசிக்கொண்டு திரிந்தது. கரடியாகக் கத்தினான் அவன். கழுத்து நரம்பு புடைக்க, கையை ஆட்டிக்கொண்டு, ஒரு தடவைக்கு மூன்று தடவையாகக் கத்தினான்.

பேஸ்பாலில் எழுதி வைக்காத சட்டங்கள் ஏராளம். அவற்றில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த ஒன்று உண்டு. மைதானத்தின் பின்பகுதியில் மூன்று பேர் நிற்பார்கள்; நடுவில் நிற்கும் சென்டர் ஃபீல்டர்தான் அவர்களுக்கு ராஜா. உயரமாக எழும்பி வரும் பந்தை இரண்டு பேர் துரத்தும்போது அவன் "எனக்கு" என்று கத்திவிட்டால் அடுத்தவன் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அவன் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் சரி. ஒதுங்காவிட்டால் பல் போகும், முட்டி போகும், சில சமயம் வாழ்க்கையே போய்விடும்.

லமார் அந்தக் குரலை வைத்துத்தான் பிழைத்தான். அலபாமாவில் டோத்தன் ஊர்க்காரன். பதினெட்டு வயதில், நல்ல பையன்களையெல்லாம் பெரிய அணிகள் அள்ளிக்கொண்டு போன பிறகு, மிச்சம் மீதியோடு சேர்த்துப் பொறுக்கப்பட்டவன். அப்புறம் எட்டு வருஷம், சின்ன ஊர் அணிகள் ஆடும் மைனர் லீக்கின் பஸ்களிலேயே தூங்கி எழுந்தான். வேர்க்கடலை வெண்ணெய் தடவிய ரொட்டியே காலைக்கும் மாலைக்கும். மட்டையைப் பிடித்தால் ஒப்புக்குச் சப்பாணி. அதை அவனே சொல்லிச் சிரிப்பான். ஆனால் பந்து மட்டையில் படும் சத்தத்தைக் கேட்டதுமே அது எங்கே வந்து விழும் என்று அவன் காலுக்குத் தெரிந்துவிடும். லூயிவில் ஹெரன்ஸ் அணி அவனை மேலே கூப்பிட்டது அந்தக் காலுக்காகவும் தொண்டைக்காகவும்தான். அடிக்கத் தெரியாத சென்டர் ஃபீல்டருக்குக்கூட ஓர் இடம் உண்டு. குரல் கொடுக்கத் தெரியாத சென்டர் ஃபீல்டருக்கு எந்த ஊரிலும் இடம் கிடையாது.

ஆறு வருஷம் அந்த இடத்தைக் காப்பாற்றி வைத்திருந்தான். பிறகு ட்ரெண்ட் ஹோல்கம் வந்து சேர்ந்தான்.

ட்ரெண்டை ஹெரன்ஸ் முதலாளிகள் கோடிகளைக் கொட்டி வாங்கி வந்திருந்தார்கள். மட்டையைத் தூக்கினால் பந்து ஒஹையோ ஆற்றில்தான் போய் விழும் என்று ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ஆற்றுப் பாலத்தில் ஏறும் இடத்தில் அவன் படம் மூன்று மாடி உயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தது. அவனை லெஃப்டில், அதாவது பின்பகுதியின் இடது பக்கம், லமாருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். வசந்த காலப் பயிற்சியில் லமார் முறையாக அவனிடம் போய், காலையில் கொஞ்சம் சீக்கிரம் வா, நடுவில் விழும் பந்துகளைச் சேர்ந்து பழகலாம் என்றான். ட்ரெண்ட் சூரியகாந்தி விதையை மென்று தோலைத் துப்பிக்கொண்டே, "நீ கத்து பெருசு, நான் பாத்துக்கறேன்" என்றான். முப்பத்திரண்டு வயதுக்காரனைப் பெருசு என்றதற்கு லமார் கோபப்படவில்லை. அந்த விளையாட்டில் முப்பத்திரண்டு கிழவயதுதான். பழக வராததுதான் அவனுக்கு உறுத்தியது.

ஜூன் மாதத்தில் இண்டியானாபொலிஸ் அணியோடு ஆட்டம். கடைசி இன்னிங்ஸ், ஹெரன்ஸ் ஒரு ரன் முன்னால் இருந்தது. எதிரணிக்கு இன்னும் ஒரே ஓர் அவுட்தான் பாக்கி. ஆனால் அவர்களுடைய ஆட்கள் இரண்டு பேர் ஓடுவதற்குத் தயாராக நின்றார்கள். பந்து லெஃப்டுக்கும் சென்டருக்கும் நடுவே உயரமாக எழும்பியது. கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம், அவ்வளவு லேசான பந்து. லமார் அதன் அடியில் போய் நின்று கத்தினான். மைதானத்தின் முன்பகுதியில் நிற்கும் சக ஆட்டக்காரன் ரமீரோ பின்னோக்கி ஓடி வந்தான்; அவனுக்கு அது கேட்டது. அவன் சட்டென்று நின்றுவிட்டான். ட்ரெண்ட் நிற்கவில்லை. அவன் தோள் லமாரின் முகத்தில் வந்து மோதியது. இரண்டு பேரும் புல்லில் உருண்டார்கள், பந்து வேலிவரை உருண்டது, இரண்டு ரன் போனது, ஆட்டமும் போனது. லமாரின் உதடு கிழிந்தது. ட்ரெண்டின் மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டது.

கேமரா பந்தைத் துரத்திக்கொண்டிருந்ததால் டிவியில் கடைசி நொடி மட்டும்தான் தெரிந்தது. முப்பதாயிரம் பேர் போட்ட கூச்சலில் ஒருவன் கத்தியது எந்த மைக்கில் விழும்?

அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும் நடந்ததுதான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிற விஷயம். உதட்டில் தையலோடு உட்கார்ந்திருந்த லமாரைச் சுற்றி நிருபர்கள் மைக்கை நீட்டினார்கள். இந்த மாதிரி நேரத்துக்கென்று விளையாட்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பேர் மோதிக்கொண்டால், யார் மேல் தவறு என்றாலும், இவன் மைக் முன்னால் "தப்பு என் மேல்தான்" என்பான். அவன் "இல்லை, என் மேல்தான்" என்பான். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். கேட்கிறவர்களுக்கும் அது வெறும் மரியாதை என்று தெரியும். நிஜமாக யார் தவறு என்பதை உடை மாற்றும் அறைக்குள் பேசிக்கொள்வார்கள்.

பதினாலு வருஷம் இந்த வழக்கத்தில் ஊறிப்போனவன் லமார். யோசிக்கக்கூட இல்லை. "தப்பு என் மேலதான்" என்றான். "நான் இன்னும் சத்தமா கூப்பிட்டிருக்கணும்."

ட்ரெண்ட் மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து கட்டுப் போட்ட கையோடு வந்தான். அதே மைக்குகள் அவன் முன்னால் நீண்டன. அவன் கேமராவைப் பார்த்து அழகாகச் சிரித்தான்.

"லமார் பெரிய மனுஷன். தன் தப்பை ஒத்துக்கிட்டான் பாருங்க, அதுக்கே ஒரு தைரியம் வேணும்," என்றான். "அவன் மேல எனக்கு வருத்தமே இல்ல. நான் மன்னிச்சுட்டேன்."

மன்னித்துவிட்டானாம். முகத்தில் வந்து இடித்தவன், இடி வாங்கியவனை மன்னித்துவிட்டானாம். இதைவிடப் பெரிய அநியாயத்தை வாயால் செய்ய முடியுமா என்று தெரியவில்லை.

லமாரின் மனைவி சார்லீன் இதை வீட்டில் டிவியில் பார்த்தாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அரைகுறைப் பதிலை அவளிடம் தள்ளிவிட முடியாது. லமார் வீட்டுக்குள் கால் வைத்ததும் யார் உன்னை அப்படிச் சொல்லச் சொன்னது என்று பிடித்துக்கொண்டாள். அது மரியாதைக்குச் சொல்வது, எல்லோரும் சொல்வதுதான் என்றான் லமார்.

"கை குலுக்கறதுன்னா ரெண்டு பேரும் கையை நீட்டணும்," என்றாள் சார்லீன். "நீ மட்டும் நீட்டிக்கிட்டு நிக்கறே. அவன் அந்தக் கையில விலங்கை மாட்டிட்டுப் போயிட்டான்."

இப்போதாவது உண்மையைச் சொல் என்றாள். முடியாது என்றான். அடிபட்டுக் கிடக்கும் சக ஆட்டக்காரனை வெளியே காட்டிக்கொடுத்தவனை எந்த அணியும் சேர்த்துக்கொள்ளாது. ட்ரெண்ட் திரும்பி வரட்டும், அறைக்குள் வைத்துப் பேசிக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டான்.

ட்ரெண்டின் மணிக்கட்டு ஆற ஐந்து வாரம் ஆனது; அதுவரை லமார் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ட்ரெண்ட் இல்லாமல் அணி வரிசையாகத் தோற்றது. தோற்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ரேடியோவில் லமாரின் பெயர்தான் உருண்டது. பார்வையாளர்கள் அட்டையில் பெரிய வாய் வரைந்து அதில் பூட்டு மாட்டிக் கொண்டுவந்தார்கள். கார் விற்கிற ஒருவன், "நாங்கள் உங்களைக் கூப்பிடுவோம், லமாரைப் போல் அல்ல" என்று விளம்பரமே போட்டுவிட்டான். மளிகைக் கடையில் பணம் வாங்கிப் போடும் பெண்கூட, "கொஞ்சம் சத்தமா பேசுங்க, காது கேக்கல" என்று கிண்டலடித்தாள். லமார் சிரித்து வைத்தான். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான்.

ஜூலை நடுவில் ட்ரெண்ட் திரும்பி வந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அறைக்குள் கோர்ட் கூடியது.

இது ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் விளையாட்டுக் கோர்ட். பஸ்ஸுக்குத் தாமதமாக வந்தவன், இன்னும் ஓர் அவுட் பாக்கியிருக்கும்போதே ஆட்டம் முடிந்தது என்று நினைத்துப் பந்தைக் கூட்டத்துக்குள் வீசியவன், இவர்களுக்கெல்லாம் அதில் அபராதம். ரமீரோதான் நீதிபதி. தரை துடைக்கும் துடைப்பத்தின் தலையைப் பிய்த்துத் நீதிபதியின் பொய்முடி மாதிரி போட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருப்பான். டொமினிகன் நாட்டுக்காரன், மைனர் லீக் பஸ்ஸிலிருந்து லமாருக்குச் சிநேகிதன், சார்லீன் சமைத்த கோழியை வாரம் ஒரு தடவை சாப்பிட்டு வளர்ந்தவன். மாமியார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்கிற மாதிரி சட்டை அணிந்து வந்ததற்காக ஒரு பந்துவீச்சாளனுக்கு அபராதம் போட்டுவிட்டு, வேறு வழக்கு உண்டா என்று கேட்டான். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

லமார் எழுந்தான். "ட்ரெண்ட் மேல எனக்கு ஒரு வழக்கு இருக்கு."

சிரிப்பு நின்றது. ரமீரோ தலையிலிருந்த துடைப்பத்தைச் சரிசெய்துகொண்டான்.

லமார் சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்கு நான் கூப்பிட்டேன், அது யார் யாருக்குக் கேட்டது, கையைத் தூக்குங்கள் என்றான். அந்த அறையில் அது தெரியாதவன் ஒருவன்கூட இல்லை. ஆனால் ஒருவன் ஷூ லேஸைக் கட்டினான், ஒருவன் கையுறையில் எண்ணெய் தடவினான், கூரையில் என்னவோ இருப்பதுபோல் ஒருவன் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். பிளேஆஃப் ஆட்டங்களுக்குப் போக வேண்டுமானால் அவர்களுக்கு ட்ரெண்டின் மட்டை வேண்டும். ரமீரோ நீதிபதி வேஷத்துக்குள் நன்றாக ஒளிந்துகொண்டான். நீதிபதி சாட்சி சொல்லக்கூடாதாம்.

கடைசியில் ஒரே ஒரு கை மேலே போனது. அது ட்ரெண்டின் கை.

"எனக்குக் கேட்டுச்சு," என்றான், ஏதோ நேற்றைய சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற தொனியில். "மூணு தடவையும் கேட்டுச்சு. என்னைப் பாத்துட்டு நீ ஒதுங்கிடுவேன்னு நெனச்சேன். எல்லாரும் ஒதுங்குவாங்க."

அவ்வளவுதான். அறை குபீரென்று சிரித்தது. பாரம் இறங்கின சிரிப்பு அது. ரமீரோ வாளியைத் தட்டி, காது கேட்டும் கேளாத குற்றத்துக்கு இருபது டாலர் அபராதம் என்றான். ட்ரெண்ட் நூறு டாலர் நோட்டு ஒன்றை வாளிப்பக்கம் எறிந்து, "மீதிய அடுத்த தடவைக்கு வச்சுக்க" என்றான். இன்னும் பெரிய சிரிப்பு. ஒருவன் எழுந்து வந்து லமாரின் முதுகில் தட்டி, போதுமா, உன் மனசு ஆறியதா என்று கேட்டான்.

லமார் உட்காரவில்லை. "இப்ப சொன்னதை வெளியில வந்து சொல்லு," என்றான்.

ட்ரெண்ட் நிஜமாகவே அதிர்ச்சி அடைந்தவன்போல் அவனைப் பார்த்தான். "இந்த ரூம்ல பேசினது இந்த ரூம்லயே இருக்கணும், பெருசு. நீ போய் இப்படிக் கேக்கலாமா?"

சுற்றியிருந்த தலைகள் ஆமாம் என்று ஆடின. வெளியே மரியாதை செய்யும் வழக்கத்தை அவன் வசதியாக மறந்துவிட்டான். உள்ளே வாயை மூடும் வழக்கம் மட்டும் அவனுக்கு வேதமாகிவிட்டது. அதைக் கேட்டு மற்றவர்கள் தலையாட்டினார்களே, அதைத்தான் லமாரால் பொறுக்க முடியவில்லை.

மறுநாள், அணியை நடத்தும் மேனேஜர் வால்ட் ஸ்ட்ரேயர், ஆட்டக்காரர்கள் ஸ்கிப் என்று கூப்பிடுகிறவர், அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்து என்றார். கதவைச் சாத்தச் சொன்னால் என்ன அர்த்தம் என்று அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். வேறோர் அணியிலிருந்து ஒரு சின்னப் பையனைச் சென்டருக்கு வாங்கியிருக்கிறார்கள், உன்னை அணியிலிருந்து விடுவிக்கிறார்கள் என்றார். லமார் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டான்.

வால்ட் மேஜையிலிருந்த காப்பிக் கறையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார். "மேல இருக்கறவங்க நீ டிவியில சொன்னதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்கறாங்க. அவனே ஒத்துக்கிட்டானேங்கறாங்க."

"ஸ்கிப், நான் கூப்பிட்டேன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். ரமீரோ அன்னைக்கே வந்து சொன்னான்."

அப்படியானால் ரமீரோவுக்குச் சொல்லத் தெரிந்திருக்கிறது. வால்ட்டுக்குக் கேட்கவும் தெரிந்திருக்கிறது. ஐந்து வாரம் ஊர் காறித் துப்பியபோது இரண்டு பேரும் ஒன்றும் தெரியாத பாப்பாக்கள் மாதிரி இருந்திருக்கிறார்கள். மேலே போய் ஏன் சொல்லவில்லை என்று லமார் கேட்டான். எனக்கும் இன்னும் இரண்டு வருஷம் இந்த வேலை வேண்டுமே, லமார் என்றார் வால்ட். நேர்மையான பதில்தான். அதற்காக அவருக்கு மாலையா போட முடியும்?

லமார் வெளியே வந்து தன் அலமாரியைக் காலி செய்ய ஆரம்பித்தான். விடுவிக்கப்பட்டவனுடைய கடைசிப் பேட்டிக்கென்று நிருபர்கள் சுற்றி நின்றார்கள். அதற்கும் ஒரு வழக்கம் உண்டு: முதலாளிகளுக்கு நன்றி, ரசிகர்களுக்கு நன்றி, இந்த ஊரை மறக்க மாட்டேன். ஜோன் டெக்கர் என்ற பெண் நிருபர்தான் முதலில் கேட்டாள். ஜூன் மாத மோதலைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறீர்கள்?

லமார் கையிலிருந்த ஷூவைக் கீழே வைத்தான். எதிர் வரிசையில் ட்ரெண்ட் ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். அறையில் பாதிப் பேர் இருந்தார்கள், ரமீரோவும் இருந்தான்.

"நான் கூப்பிட்டேன்," என்றான் லமார். "மூணு தடவை கூப்பிட்டேன். ட்ரெண்டுக்குக் கேட்டுச்சு. கேட்டும் நிக்கல. தப்பு என் மேலன்னு நான் சொன்னது மரியாதைக்கு. தப்பு அவன் மேல."

பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக லமார் சட்டத்தை மீறிவிட்டான். ஐந்து வாரமாக விழுங்கி வைத்திருந்ததை வெளியே சொல்லிவிட்ட ஆறுதல் இருந்தது. இனி எந்த அணி சேர்க்கும், சேர்க்காது என்பது வேறு. பெயராவது தப்பித்தது என்று நினைத்தான்.

அத்தனை மைக்கும் எதிர் வரிசைக்குத் திரும்பியது. ட்ரெண்ட் எழுந்து வந்தான். லமாரின் தோளில் கை போட்டான்.

"லமார் சொல்றது சரி," என்றான். குரல் தழுதழுத்தது. "தப்பு என் மேலதான்."

ஜோன் டெக்கர் விடவில்லை. நல்ல நிருபர் அவள். அவர் கூப்பிட்டது உங்களுக்கு நிஜமாகவே கேட்டதா என்று கேட்டாள்.

"கேட்டுச்சு. நான்தான் நிக்காம வந்து மோதினேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல. எழுதிக்கோங்க."

ட்ரெண்ட் லமாரை இழுத்து அணைத்துக்கொண்டான். அறையின் மூலையில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கேமராக்காரன் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். லமார் அந்தப் பிடியிலிருந்து விடுபடப் பார்த்தான்; ட்ரெண்டின் கை நல்ல பலமான கை, மணிக்கட்டு முழுக்கக் குணமாகியிருந்தது.

மறுநாள் காலையில் சார்லீன் பேப்பரைப் பிரித்து மேஜை மேல் போட்டாள். முதல் பக்கத்தில் அந்த அணைப்புதான் படம். வெளியேறும் சகாவின் பழியைத் தன் தலையில் சுமந்த ஹோல்கம் என்று தலைப்பு. வேலை போன ஆத்திரத்தில் வாய்க்கு வந்ததைப் பேசிய பிகெட்டை விட்டுக்கொடுக்காமல், பொய்யென்று தெரிந்தும் ஒத்துக்கொண்ட பெருந்தன்மை என்று கீழே நீட்டி முழக்கியிருந்தார்கள். சார்லீன் அதைச் சத்தமாகப் படித்தாள், பாதியில் நிறுத்தினாள், சுருட்டிக் குப்பையில் எறிந்தாள்.

பத்து நாள் ஃபோன் அடிக்கவில்லை. ரமீரோகூடக் கூப்பிடவில்லை. பிறகு நெப்ராஸ்காவிலிருந்து ஒரு மைனர் லீக் அணியின் மேனேஜர் பேசினார். லமாரோடு பழைய நாளில் எதிரணியில் ஆடியவர், நல்ல மனிதர். எங்களுக்கு அனுபவசாலி ஒருவர் தேவை, உன்னை எடுத்துக்கொள்கிறோம், ஆனால் லெஃப்டில்தான் நிற்க வேண்டும் என்றார்.

லமார் தான் சென்டர் ஃபீல்டர் என்றான்.

"தெரியும்ப்பா. தப்பா எடுத்துக்காதே. சென்டர்ல குரல் கொடுக்கற ஆளு வேணும்."

"நான் குரல் கொடுத்தேன்," என்றான் லமார். சார்லீன் பக்கத்தில் வந்து நின்றாள். "மூணு தடவை கொடுத்தேன். அது ஹோல்கமுக்கும் கேட்டுச்சு."

மேனேஜர் இதமாகச் சொன்னார்:

"ஆமாம், டிவியில பாத்தேன். அவனும் அப்படியேதான் சொன்னான். உனக்காக எவ்வளவு பெரிய பொய் சொல்லியிருக்கான் பாரு. தங்கமான பையன்."